உப்புக்காற்றில் ஓடிய பழைய பைக்: புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்களைச் சோதிக்கவும் சரிசெய்யவும் முழுமையான வழிகாட்டி

ராமநாதபுரம் மாவட்டக் கரையோரத்தில் மண்டபத்திலோ தொண்டியிலோ கீழக்கரையிலோ பழைய பைக் ஒன்றை வாங்கி முதல் சர்வீசுக்கு விட்டால், ஒர்க் ஷாப்பில் பெரும்பாலும் இந்த யோசனை வரும்: "அண்ணே, இந்த ஹோஸ், டப்பா எல்லாம் எதுக்கு? கழட்டிட்டு அடைச்சு விட்டுருவோம். வண்டி ஃப்ரீயா போகும்." சில வண்டிகளில் இந்த வேலை நாம் வாங்குவதற்கு முன்பே முடிந்திருக்கும். சைலன்சர் மாறியிருக்கும், ஏர் ஹோஸில் ஒரு போல்ட் சொருகியிருக்கும், பெட்ரோல் ஆவி போகிற டப்பா இருந்த இடத்தில் வெறும் கிளாம்ப் மட்டும் தொங்கும்.

இந்த வழிகாட்டி கழட்டுவதற்கானது இல்லை. கழட்டியதைக் கண்டுபிடிக்க, அதைச் சொல்லி விலை பேச, திரும்பப் பொருத்த, அப்புறம் உப்புக்காற்றில் காப்பாற்ற. சட்டத்துக்குப் பயந்து மட்டும் இப்படிச் சொல்லவில்லை. நம் கரையோரத்தில் இந்தப் பாகங்கள் மேல் விழும் பழியில் பெரும்பகுதி உண்மையில் உப்பு செய்த வேலை. வயர்களை இணைக்கும் கப்ளரில் பச்சைக் களிம்பு, வெடித்த ரப்பர், எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் புகை போகும் பெண்ட் பைப் வாயில் துரு. பாகத்தைக் கழட்டி எறிந்தாலும் அந்தக் கோளாறு வண்டியிலேயேதான் இருக்கும்.

முதலில்: எந்தக் காலத்து வண்டி?

வண்டியைப் பார்க்கப் போகும் முன் பதிவு எண்ணை வாங்கி எம்பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள். டி.என். 65 என்றால் ராமநாதபுரம் பதிவு. ஆனால் மதுரை, சிவகங்கை, தூத்துக்குடிப் பதிவு வண்டிகளும் இங்கே நிறையக் கைமாறுகின்றன. உள்ளூரில் ஓடாத வண்டிக்கு உப்பு குறைவாக ஏறியிருக்கும் என்பது ஒரு சின்ன ஆதாயம். ஆர்.சி. விவரத்தில் தயாரித்த மாதம், புகை விதியின் நிலை (பாரத் ஸ்டேஜ், சுருக்கமாக பி.எஸ்.), இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழின் காலாவதித் தேதி எல்லாம் தெரியும். இதில் புகை விதி நிலைதான் நமக்கு முக்கியம். வண்டியில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை அதுதான் சொல்கிறது.

பி.எஸ்.3 வண்டிகளை 2017 ஏப்ரல் 1 முதல் விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. அதற்கு முந்தைய கார்ப்ரேட்டர் வண்டிகளில் பலவற்றில் எஞ்சின் ஹெட் பக்கம் ஒரு ஏர் ஹோஸ் போகும். புகை வெளியேறும் வழியில் புதுக்காற்றை விட்டு, எரியாமல் மிஞ்சிய வாயுவை அங்கேயே எரிக்கிற ஏற்பாடு அது. இரண்டாம் காற்று என்றோ எஸ்.ஏ.ஐ. என்றோ சொல்வார்கள். பலவற்றில் சைலன்சருக்குள், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் உண்டு. ஒர்க் ஷாப் பேச்சில் அது கேட்கான்.

2017-க்குப் பிந்தைய பி.எஸ்.4 வண்டிகளுக்கு, டேங்கிலிருந்து போகும் பெட்ரோல் ஆவிக்கும் கட்டுப்பாடு வந்தது. பெரும்பாலானவற்றில் அதற்காகக் கரி நிரப்பிய ஒரு கேனிஸ்டர் டப்பா இருக்கும். முகப்பு விளக்கு அணையாமல் எரிவதும் அந்த ஏப்ரலில் வந்த விதிதான். ஹெட்லைட்டுக்குத் தனி சுவிட்ச் போட்ட 2018 வண்டியைப் பார்த்தால், வேறு எங்கெல்லாம் கை வைத்திருக்கிறார்கள் என்று தேடத் தொடங்கலாம்.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6. பெரும்பாலானவற்றில் கார்ப்ரேட்டர் போய் ஃபியூல் இன்ஜெக்ஷன் வந்தது. டிவிஎஸ் எக்ஸ்எல் 100 கூட இன்ஜெக்ஷனுக்கு மாறிவிட்டது. புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை அளக்க பெண்ட் பைப்பில் ஓ2 சென்சார், மீட்டரில் மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு, கோளாறைப் பதிந்து வைக்கும் ஓ.பி.டி. எல்லாம் இந்தத் தலைமுறை இன்ஜெக்ஷன் வண்டிகளில் பொதுவாக இருக்கும். 2023 ஏப்ரலிலிருந்து ஓ.பி.டி.யின் இரண்டாம் கட்டம். கழட்டி விட்டால் அதிகம் பாதிக்கப்படுவதும் இந்த வண்டிகள்தான்.

பார்க்கப் போகும்போது

காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால், குளிர் எஞ்சினில் தெரியும் கோளாறு எதுவும் நமக்குத் தெரியாது. எஞ்சின் மேல் கை வைத்துப் பார்த்துவிட்டே பேச்சைத் தொடங்கலாம்.

சாவியை ஆன் செய்யுங்கள், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். பி.எஸ்.6 வண்டியில் எஞ்சின் விளக்கு இப்போது எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். அணையவில்லை என்றால் கோளாறு என்று எல்லோருக்கும் தெரியும். சாவி போட்டதும் எரியவே இல்லை என்றால் அது இன்னும் மோசம். விளக்கையே யாரோ மறைத்திருக்கலாம். பேட்டரியைக் கழட்டி மாட்டியோ ஸ்கேனரில் அழித்தோ பழைய கோளாறுப் பதிவை மறைக்கவும் வழி உண்டு. ஆனால் கோளாறு அப்படியே இருந்தால் கொஞ்ச தூரத்தில் விளக்கு திரும்ப எரியும். அதனால் தெருமுனை வரை ஓட்டிப் பார்ப்பது போதாது. உச்சிப்புளியில் வண்டி பார்த்தால் நெடுஞ்சாலையில் பாம்பன் பாலம் வரை போய் வாருங்கள். போகும்போதோ வரும்போதோ காற்று எதிர்க்கும், எஞ்சினுக்கு உண்மையான சுமை கிடைக்கும்.

பிறகு வண்டியைச் சுற்றிக் குனிந்து பாருங்கள். தேட வேண்டியவை இவை.

சைலன்சர் கம்பெனியுடையதா? வெளிச்சந்தை சைலன்சர் என்றால் கேட்கான் பெரும்பாலும் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி சைலன்சராகவே இருந்தாலும் அடிப்பக்கத்தில் கிரைண்டர் வெட்டும் புது வெல்டிங் தழும்பும் இருக்கிறதா பாருங்கள். கேட்கானில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் மெல்லிய பூச்சாக இருக்கின்றன. பழைய இரும்பு வியாபாரத்தில் அதற்குத் தனி விலை உண்டு என்பதால், உள்ளே இருப்பதை மட்டும் எடுத்துவிட்டு வெற்றுக் கூட்டை ஒட்டி விடுவதும் நடக்கிறது. குளிர்ந்த சைலன்சரை ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். உள்ளே கலகல என்றால் கேட்கான் உடைந்து நொறுங்கியிருக்கிறது.

எஞ்சின் ஹெட்டுக்குப் போகும் ஏர் ஹோஸ் முழுதாக இருக்கிறதா, இல்லை அந்த இடத்தில் ஒரு தகடு வெட்டி மூடியிருக்கிறார்களா? டேங்கிலிருந்து வரும் மெல்லிய ஹோஸ் கேனிஸ்டரில் முடிகிறதா, அந்தரத்தில் தொங்குகிறதா? கிராங்க் கேஸிலிருந்து ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போகும் பிரீதர் ஹோஸ் அதன் இடத்தில் இருக்கிறதா? ஓ2 சென்சார் வயரில் டேப் சுற்றி, பொய் சிக்னல் கொடுக்க நடுவே ரெசிஸ்டர் எதுவும் ஒட்டியிருக்கிறதா?

கடைசியாக, இது மீன் பெட்டி கட்டி ஓடிய வண்டியா என்று பாருங்கள். விற்பவர் சொல்ல மாட்டார், வண்டி சொல்லும். கேரியர் பக்கம் வெல்டிங் அடையாளம், பின் மட்கார்டின் உட்புறத்தில் அடுக்கடுக்காக உரியும் துரு, செயின் கவரில் உப்புப் படலம். ஐஸ் கரைந்து சொட்டும் தண்ணீர் மீன் உப்போடு நேராகச் சைலன்சர் மேலும் பின்பக்க வயரிங் மேலும் விழும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் இத்தகைய வண்டிகள் பலவும் சும்மா நிற்கும். கார்ப்ரேட்டரில் பெட்ரோல் காய்ந்து பிசுக்காகிவிடும். அப்படி நின்ற வண்டியைத் தடைக்காலம் முடியும் சமயத்தில் பார்க்கப் போனால் கார்ப்ரேட்டர் கிளீனிங் செலவையும் சேர்த்தே விலை பேசுங்கள்.

விற்பவர் சம்மதித்தால் காசு கொடுக்கும் முன் புகைப் பரிசோதனை மையத்துக்குக் கொண்டுபோய் அளந்து பாருங்கள். சீட்டில் "தேர்ச்சி" என்று இருப்பதைவிட அதில் இருக்கும் எண்கள் பெரிய செய்தி. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

பாகங்கள் இல்லை என்று தெரிந்தால்? கார்ப்ரேட்டர் வண்டியில் ஹோஸ், ஏர் ஹோஸுக்குள் புகை திரும்பாமல் தடுக்கும் ரீட் வால்வு, கேனிஸ்டர் வரை என்றால் பேரம் பேசி வாங்கலாம். பி.எஸ்.6 வண்டியில் சைலன்சரும் சென்சாரும் போயிருந்தால், புதுச் சைலன்சரின் விலையை ஷோரூமில் கேட்டு அப்படியே கழித்துக்கொண்டு பேசுங்கள். அதற்கு ஒத்துவராவிட்டால் வேறு வண்டி பாருங்கள் என்பேன்.

சட்டத்தை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்க 182ஏ பிரிவில் இடம் இருக்கிறது. காற்று மாசு, ஒலி விதிகளை மீறினால் 190-ஆம் பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அதோடு மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியும் போகும். மாற்றியது முந்தைய உரிமையாளர்தான் என்றாலும், சாலையில் நிறுத்தப்படுவது நம் பெயரில் இருக்கும் வண்டி.

"கழட்டினால் பிக்கப் கூடும்" என்ற பேச்சு

இதற்கான விடை அந்தப் பாகங்கள் இருக்கும் இடத்திலேயே இருக்கிறது. இரண்டாம் காற்று சிலிண்டருக்குள் போவதில்லை. வெடிப்பு முடிந்து, புகை வெளியேறும் வாசலில்தான் அது சேர்கிறது. எஞ்சின் சக்தியில் அதற்குப் பங்கே இல்லை என்றால், அடைப்பதால் சக்தி எங்கிருந்து கூடும்? கேனிஸ்டர், நிற்கும் வண்டியின் டேங்க் ஆவியைப் பிடித்து வைத்து, ஓடும்போது எஞ்சினுக்குக் கொடுத்து எரிக்கிறது. காற்றில் போயிருக்க வேண்டிய பெட்ரோல் அது. கேட்கான் மட்டும் புகை ஓட்டத்தைக் கொஞ்சம் தடுக்கும், உண்மைதான். ஆனால் இன்ஜெக்ஷன் வண்டியின் கணக்கு முழுவதும் அந்தத் தடையையும் சேர்த்தே போடப்பட்டது. அதை எடுத்தபின் சத்தம் கூடுகிறது. சத்தம் கூடியதைப் பலர் வேகம் கூடியதாக எடுத்துக்கொள்கிறார்கள்.

வேலையைத் தொடங்கும் முன்

ஸ்பேனர் செட், டி ஸ்பேனர், நல்ல ஸ்டார் ஸ்குரூடிரைவர், மல்டிமீட்டர், துரு இளக்கும் ஸ்பிரே, கான்டாக்ட் கிளீனர், புது ஹோஸ் கிளிப்புகள், பெண்ட் பைப் காஸ்கெட் ஒன்று. இவ்வளவு போதும். மாடலுக்குரிய சர்வீஸ் கையேடு கிடைத்தால் போல்ட் இறுக்கும் அளவுக்கு அதைப் பாருங்கள்.

மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட விடாதீர்கள். கேட்கான் இல்லாத வண்டியில் கார்பன் மோனாக்சைடு அதிகம், அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கேனிஸ்டர், டேங்க் ஹோஸ் வேலை செய்யும்போது பக்கத்தில் பீடி, அடுப்பு, வெல்டிங் எதுவும் கூடாது. கேட்கான் உள்ள சைலன்சரைக் கிரைண்டரால் வெட்டித் திறந்து பார்க்கவும் வேண்டாம். உள்ளே இருக்கும் தூள் மூச்சுக்கு ஆகாது.

படி 1: வயரிங்கும் கப்ளரும்

இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். மற்ற ஊர்களில் இதைக் கடைசியில் பார்த்தாலும் பரவாயில்லை. ராமேஸ்வரத்திலும் வாலிநோக்கத்திலும் அப்படிச் செய்தால் நல்ல சென்சாரைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதியதற்குக் காசு கொடுப்போம். கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் தென்கடல் பக்கமும், வாடைக்காற்று மாதங்களில் வடகடல் பக்கமும் உப்புத் திவலை காற்றிலேயே ஏறி வரும். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கப்ளருக்குள் செம்புப் பின் பச்சையாகப் பூக்கும். ஓ2 சென்சார் அனுப்பும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. களிம்பு பிடித்த பின் வழியாக அது போய்ச் சேரும்போது, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.எம். தப்பாகப் புரிந்துகொள்கிறது.

சாவியை ஆஃப் செய்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழட்டுங்கள். ஓ2 சென்சார், த்ராட்டில் பாடி, இன்ஜெக்டர், எஞ்சின் வெப்பநிலை சென்சார், ஈ.சி.எம். கப்ளர்களை ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். பூட்டை அழுத்தி கப்ளர் உடம்பைப் பிடித்து இழுக்க வேண்டும், வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. பச்சை தெரிந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து, பழைய டூத் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து, நன்றாக உலர விடுங்கள். பின் கறுத்து மெலிந்திருந்தால் சுத்தம் செய்து பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். உலர்ந்த பிறகு மின்கடத்தாத கிரீஸை ரப்பர் சீலைச் சுற்றி மெல்லியதாகப் பூசலாம்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. ஓ2 சென்சாரின் கப்ளருக்குள் கிரீஸ் வேண்டாம். ஒப்பிட்டுப் பார்க்கும் வெளிக்காற்றைப் பல சென்சார்கள் தங்கள் வயர் வழியாகவே எடுக்கின்றன, அந்த வழியை அடைத்துவிடக் கூடாது. சிலிக்கான் ஆவி அந்தச் சென்சாரைக் கெடுக்கவும் செய்யும். சைலன்சர் பக்கம் சாதாரண சிலிக்கான் பேஸ்ட் அப்பும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

எர்த் வயர் ஃபிரேமில் சேரும் போல்ட்டை மறக்க வேண்டாம். கழட்டி, எமரித் தாளால் இரும்பு பளிச்சென்று தெரியும் வரை தேய்த்து, இறுக்கி, மேலே வாசலைன் தடவுங்கள். கரையோர வண்டிகளில் எஞ்சின் விளக்கு எரிவதற்கு இந்த ஒற்றைப் போல்ட் காரணமாக இருப்பது புதிதில்லை.

படி 2: காற்றும் நெருப்பும்

ஏர் ஃபில்டர் அடைத்திருந்தால் பெட்ரோல் கலவை கெட்டியாகும் (காற்று குறைந்து பெட்ரோல் கூடும்), மிச்சப் பெட்ரோல் கேட்கானுக்குள் போய் எரிந்து அதைச் சுட்டுத் தீர்க்கும். தனுஷ்கோடி, அரிச்சல்முனைச் சாலையில் பறக்கும் பொடி மணலுக்கு ஃபில்டர் சீக்கிரம் நிறையும். எண்ணெய் ஊறிய காகித ஃபில்டரை ஏர் அடித்தோ பெட்ரோலில் கழுவியோ சுத்தம் செய்ய முடியாது, மாற்றுங்கள். ஸ்பாஞ்ச் வகையைக் கழுவலாம். பிளக்கின் இடைவெளி, டேப்பெட் இடைவெளி இரண்டையும் கையேட்டில் உள்ள அளவுக்கு வையுங்கள். மிஸ்ஸிங் (எஞ்சினில் பெட்ரோல் விட்டுவிட்டு எரிவது) இருக்கும் வண்டியில் புதுக் கேட்கான் போடுவது வீண் செலவு.

கார்ப்ரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள மேனிஃபோல்ட் ரப்பரை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் ஐட்லிங் ஏறி இறங்கும்.

படி 3: பெண்ட் பைப் வாய்

எஞ்சினோடு பெண்ட் பைப் சேரும் இடத்தில் கரும்புகைக் கறை தெரிகிறதா பாருங்கள். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, சூடாகும் முன் கையை அந்த இடத்துக்கு அருகே வைத்தால் கசிவு விட்டுவிட்டுப் படும். இங்கே கசிவு இருந்தால் புகை வெளியே போவது மட்டும் இல்லை, இரண்டு துடிப்புக்கு நடுவே வெளிக்காற்றும் உள்ளே இழுக்கப்படும். ஓ2 சென்சார் அந்தக் காற்றைப் பார்த்து, எஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை என்று சொல்லும். ஈ.சி.எம். பெட்ரோலைக் கூட்டும். மைலேஜ் விழும், கேட்கான் சூடேறும். மெக்கானிக் "சென்சாரைக் கழட்டிருவோம்" என்பார். கோளாறு அங்கே சின்ன காஸ்கெட்டில் இருக்கிறது.

ஸ்டட்டும் நட்டும் துருவில் ஒன்றாகிப் போயிருக்கும். முதல் நாள் மாலையே துரு இளக்கும் ஸ்பிரே அடித்து, இரவு முழுக்க ஊற விடுங்கள். மறுநாள் எஞ்சினைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக்கி, நட்டை முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைத்து எடுங்கள். பலம் கொடுத்து ஸ்டட்டை ஹெட்டுக்குள் முறித்துவிட்டால் லேத் வேலைதான். பழைய காஸ்கெட்டைச் சுரண்டி எடுத்து, புதியதைப் போட்டு, இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிச் சமமாக இறுக்குங்கள். ஸ்டட் மரையில் செம்பு கலந்த ஆன்டி சீஸ் பசை தடவி வைத்தால் அடுத்த முறை எளிதாக வரும்.

படி 4: இரண்டாம் காற்று

ஆக்ஸிலேட்டரை விடும்போது சைலன்சரில் டப் டப் என்று வெடித்தால், எஸ்.ஏ.ஐ. ஹோஸை அடைப்பது வழக்கமான கைவைத்தியம். சத்தம் நிற்கும், அதனால் அதுதான் காரணம் என்று நம்பிவிடுவார்கள். பெரும்பாலும் காரணம் படி 3-இல் பார்த்த கசிவு, அல்லது ஆக்ஸிலேட்டரை விட்டதும் இந்தக் காற்றை நிறுத்த வேண்டிய வால்வின் வேக்கம் ஹோஸில் வெடிப்பு.

ஹோஸை ஏர் ஃபில்டர் பக்கத்தில் கழட்டி, ஐட்லிங்கில் அதன் வாயில் மெல்லிய காகிதத் துண்டைப் பிடியுங்கள். உள்ளே இழுத்து இழுத்து விட வேண்டும். சூடான புகை வெளியே ஊதினால் ரீட் வால்வு மூடவில்லை. எஞ்சின் குளிர்ந்தபின் வால்வு மூடியைத் திறந்தால் மெல்லிய எஃகு இதழ் தெரியும். கரி படிந்திருந்தால் கார்ப் கிளீனரால் கழுவுங்கள், நிமிண்டி வளைக்க வேண்டாம். இதழ் வளைந்திருந்தாலோ துருப்பிடித்திருந்தாலோ மாற்றுங்கள். தகடு வைத்து மூடிய வண்டி என்றால் அந்த மாடலுக்குரிய வால்வும் ஹோஸும் வாங்கித் திரும்பப் போடலாம், அது பெரிய வேலை இல்லை. கண்ட ரப்பர் ஹோஸைப் போட்டால் ஹெட் சூட்டில் உருகும்.

படி 5: கேனிஸ்டர்

டேங்க் ஆவி ஒரு ஹோஸில் வருகிறது, எஞ்சின் இழுக்கும் ஹோஸ் ஒன்று, வெளிக்காற்று வரும் வாய் ஒன்று. கேனிஸ்டரை எடுத்தவர்கள் வழக்கமாக இரண்டில் ஒரு தவறு செய்திருப்பார்கள். எஞ்சின் பக்க ஹோஸைத் திறந்தே விட்டிருந்தால் காற்று உள்ளே புகுந்து ஐட்லிங் ஏறும். டேங்க் பக்க ஹோஸை அடைத்திருந்தால், பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் காற்று வர வழி இருக்காது. வண்டி கொஞ்ச தூரம் ஓடி நின்றுவிடும். டேங்க் மூடியைத் திறந்தால் உஸ் என்று சத்தம் வரும், பிறகு எதுவுமே நடக்காதது போல ஓடும். "பெட்ரோல் பம்ப் போச்சு" என்று சொல்லி விற்கப்பட்ட வண்டியில் இதை முதலில் பாருங்கள்.

கேனிஸ்டரைக் கழட்டி ஆட்டிப் பாருங்கள். தளும்பினாலோ பெட்ரோல் சொட்டினாலோ அது போய்விட்டது. டேங்கை விளிம்பு வரை நிரப்பும் பழக்கத்தால்தான் திரவப் பெட்ரோல் அதற்குள் போகிறது. கழுவிக் காயவைத்து மாட்ட முடியாது. உள்ளே இருப்பது ஆவியைப் பிடிப்பதற்காகத் தனியாகப் பதப்படுத்திய கரி. நம் மாவட்டத்தில் சீமைக் கருவேலக் கரி மூட்டத்துக்குப் பஞ்சமே இல்லை என்றாலும் அந்தக் கரி இதற்கு உதவாது. புதியதை வாங்கி, எந்த ஹோஸ் எந்த வாய்க்கு என்று மேலே உள்ள குறியைப் பார்த்து மாட்டுங்கள். எஞ்சின் பக்கம் மின்வால்வு இருந்தால் அதன் கப்ளரையும் படி 1 போலச் சுத்தம் செய்யுங்கள்.

எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு பழைய ரப்பர் ஹோஸ்கள் சீக்கிரம் இறுகி வெடிக்கின்றன. கேனிஸ்டரில் கை வைக்கும்போதே பெட்ரோல் ஹோஸையும் மாற்றிவிடுவது நல்லது.

படி 6: ஓ2 சென்சார்

பி.எஸ்.6 வண்டியில் இதுவரை சொன்னதையெல்லாம் முடித்தபின்னும் விளக்கு எரிந்தால், இப்போது ஸ்கேனர். பல மாடல்களில் சீட்டுக்கு அடியில் சிவப்பு நிற ஆறு பின் கப்ளர் இருக்கும். பதிவான கோளாறு எண்ணைப் பார்க்காமல் சென்சார் வாங்க வேண்டாம்.

சூடான எஞ்சினில், நல்ல சென்சாரின் மின்னழுத்தம் சுமார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரே இடத்தில் நின்றுவிட்டால் சென்சாரோ, வயரோ, கலவையோ சரியில்லை. இந்த ஏற்ற இறக்கத்தை வைத்துத்தான் ஈ.சி.எம். ஒரு பங்கு பெட்ரோலுக்கு (எத்தனால் கலக்காதது என்றால்) 14.7 பங்கு காற்று என்ற எடை விகிதத்தைச் சுற்றியே எஞ்சினை ஓட்டுகிறது. கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு என்ற மூன்று நச்சுகளையும் கேட்கான் ஒன்றாகக் குறைக்க அந்த விகிதம் வேண்டும். ரெசிஸ்டர் வைத்து ஏமாற்றிய வண்டியில் இந்தக் கணக்கே நின்றுபோகிறது.

பழைய சென்சாரைக் கழட்டவும் இரவு முழுக்க ஊற வைத்து, வெதுவெதுப்பான பைப்பில் முயலுங்கள். சுத்தியலால் தட்டினால் உள்ளே இருக்கும் பீங்கான் உடையும். புதியதன் மரையில் மட்டும் ஆன்டி சீஸ், முனையில் ஒரு துளிகூடப் படக் கூடாது. வயர் பெண்ட் பைப்பில் உரசாமல் பழைய வழியிலேயே கொண்டுபோய்க் கட்டுங்கள்.

படி 7: கேட்கான்

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் விலை. அதோடு, கேட்கான் தானாகச் சாவது அபூர்வம். மிஸ்ஸிங், கெட்டிக் கலவை, ரிங் தேய்ந்து எரியும் ஆயில், கொதிக்கும் சைலன்சரோடு அலைத் தண்ணீரில் இறங்குவது என்று ஏதாவது ஒன்று கொல்கிறது. நீலப் புகை வரும் வண்டியில் எஞ்சின் வேலையை முடிக்காமல் புதியதைப் போட்டால் ஆயில் சாம்பல் அதையும் மூடிவிடும்.

அடைத்துப்போன கேட்கானின் அடையாளம்: ஐட்லிங் நன்றாக இருக்கும், ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் எஞ்சின் மேலே ஏறாது, சைலன்சர் வாயில் புகையின் தள்ளல் பலவீனமாக இருக்கும். பெட்ரோலில் ஊற்றும் கிளீனர் திரவத்தால் உருகிப்போன கேட்கான் திரும்ப வராது.

பெரும்பாலான மாடல்களில் கேட்கான் சைலன்சரோடு சேர்ந்தே வருகிறது. அதே மாடல், அதே புகை விதி நிலைக்கு உரிய கம்பெனி சைலன்சர்தான் வேண்டும். பி.எஸ்.4 சைலன்சர் பி.எஸ்.6 வண்டியில் பொருந்துகிற மாதிரி தெரிந்தாலும் சென்சார் துளை, கேட்கானின் வகை இரண்டும் மாறும். செகண்ட் ஹேண்ட் சைலன்சர் வாங்கினால் தட்டிப் பாருங்கள், வாயில் டார்ச் அடித்துத் துருவைப் பாருங்கள். பில்லை வண்டிப் பேப்பர்களோடு வையுங்கள்.

வேலை முடிந்த வண்டியைக் காய்ந்த பனையோலை, கீற்றுக் குவியல் மேல் நிறுத்த வேண்டாம். கேட்கான் வேலை செய்யவே சுமார் 300 டிகிரி சூடு வேண்டும், ஓடி வந்து நின்ற சைலன்சர் ஓலையைப் பற்ற வைக்கும்.

உப்பிலிருந்து காப்பாற்ற

நம் ஊர்ப் பைக்கைக் கெடுப்பதில் கடலுக்கு அடுத்த இடம் போர் தண்ணீருக்கு. குடிக்க லாயக்கில்லாத உப்புத் தண்ணீரைப் பிரஷரில் அடித்து வாட்டர் சர்வீஸ் செய்தால், காற்று எட்டாத இடத்துக்கும் உப்பைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். குடம் கணக்கில் நல்ல தண்ணீர் வாங்கும் ஊரில் பைக்குக்கு அதை ஊற்றச் சொன்னால் வீட்டில் திட்டு விழும், தெரியும். அரை வாளி நல்ல தண்ணீரும் ஒரு துணியும் போதும். பெண்ட் பைப், சைலன்சர் அடிப்பக்கம், கப்ளர்கள் இருக்கும் பகுதி, இவற்றை மட்டும் ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். மழைக்காலத்தில் கூரைத் தண்ணீரைப் பிடித்தால் முழுக் குளியலே கொடுக்கலாம்.

கழுவிய பிறகு டீசல், மண்ணெண்ணெய் கலவையைப் பீய்ச்சி அடிக்கும் பழக்கம் இருக்கிறது. இரும்புக்கு நல்லது, ரப்பருக்கு எமன். ஹோஸ்கள் ஊதிப் பஞ்சு போல ஆவது அதனால்தான். சூடான சைலன்சரில் பட்டால் தீயும் பிடிக்கும்.

இன்னொன்று, சைலன்சர் உள்ளிருந்தும் துருப்பிடிக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. வீட்டிலிருந்து கரைக்கும், கரையிலிருந்து ஐஸ் கம்பெனிக்கும் என்று குட்டி ஓட்டமாகவே ஓடினால் சைலன்சர் முழுச் சூட்டுக்கு வராது, அந்தத் தண்ணீர் உள்ளேயே தங்கும். சைலன்சர் அடியில் இருக்கும் சின்னத் துளை அது வடிவதற்கு. ஓட்டை என்று நினைத்து வெல்டிங் வைத்து அடைத்துவிடுகிறார்கள். வாரம் ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் நன்றாகச் சூடேறும் அளவுக்கு ஓட்டுங்கள்.

புகைச் சீட்டை வாசிப்பது

எல்லாம் முடிந்ததும் பரிசோதனைக்குப் போங்கள், வீட்டிலிருந்து நேராக இல்லை. பத்துக் கிலோமீட்டராவது ஓட்டி, கேட்கான் சூடான பிறகு. பி.எஸ்.4, பி.எஸ்.6 வண்டிகளுக்குச் சான்றிதழ் ஓர் ஆண்டுக்கும், அதற்கு முந்தியவற்றுக்கு ஆறு மாதத்துக்கும் செல்லும். 2000 மார்ச்சுக்குப் பின் தயாரான பழைய நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 4,500 பி.பி.எம். என்பது வரம்பு. புதிய தலைமுறைகளுக்கு இதைவிட மிகக் குறைவு.

வரம்புக்குள் இருந்தாலும் எண்களைக் குறித்து வையுங்கள். கார்பன் மோனாக்சைடு மட்டும் ஏறியிருந்தால் கலவை கெட்டி: ஏர் ஃபில்டர், சிக்கிய சோக், கார்ப்ரேட்டர், இன்ஜெக்ஷன் வண்டியில் பெண்ட் பைப் கசிவு. ஹைட்ரோகார்பன் ஏறியிருந்தால் பெட்ரோல் எரியாமலே வெளியேறுகிறது: பிளக், டேப்பெட், வால்வு, ஆயில் எரிதல். இரண்டும் சேர்ந்து ஏறி, மற்றதெல்லாம் சரியாக இருந்தால் மட்டும் கேட்கானைச் சந்தேகப்படுங்கள். அடுத்த முறை எடுக்கும் சீட்டை இதோடு வைத்துப் பார்த்து, எந்த எண் நகர்ந்திருக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து வேலையைத் தொடங்கலாம்.